பாக வழக்குக்கு எந்த வக்கீல்? நாலு பெயர்களும் ஒரு முடிவும்

போன மாதம் என் சித்தப்பா மகள் கூப்பிட்டாள். சித்தியின் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பாகம் பிரிக்க அவளுடைய மாமாக்கள் ஒத்துவரவில்லை. கோர்ட்டுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. "அக்கா, நாலு வக்கீல் பேர் வந்திருக்கு. நீங்கதான் இதுல அலைஞ்சவங்க. யாரைப் பிடிக்கலாம்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்ன நாலு பேரில் முதலாமவர் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த பெரிய கிரிமினல் வக்கீல், குடும்பத்துக்கு வேண்டியவர். இரண்டாமவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருபது வருடமாக இருப்பவர். மூன்றாமவர் வங்கிகளுக்குச் சொத்துப் பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் (சட்டக் கருத்து) எழுதும் பேனல் வக்கீல், அதாவது வங்கிகளின் பட்டியலில் இருப்பவர். நாலாமவர் வயதில் சின்னவர். ஒரு சிவில் சீனியரிடம் ஒன்பது வருடம் ஜூனியராக இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் தனியாக ஆபீஸ் போட்டவர்.

அவளுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னேன். அந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். 2014-ல் அம்மாவுக்காகப் பாக வழக்கு போட்டபோது, இந்தப் பட்டியலின் முதல் பெயரைப் போன்ற ஒருவரிடம்தான் போனோம். தாத்தா 2001-ல் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். நாலு ஏக்கர் நஞ்சை, ஓர் ஓட்டு வீடு, வாய்க்கால் கரையில் ஒரு தென்னந்தோப்பு. பங்குக்கு இரண்டு மாமாக்களும் அம்மாவும். வக்கீல் நல்ல மனிதர். கொலை வழக்கில் அவர் குறுக்கு விசாரணை செய்தால் அதைப் பார்க்கவே மற்ற வக்கீல்கள் வந்து உட்காருவார்கள். எங்கள் பிராதை, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவை, அவருடைய ஜூனியர் ஒரே வாரத்தில் எழுதி முடித்தார்.

அந்தப் பிராதின் தபசிலில், அதாவது சொத்துப் பட்டியலில், தென்னந்தோப்பு விட்டுப்போயிருந்தது. 1980களில் யூ.டி.ஆர். என்று அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது அந்தப் புல எண் உட்பிரிவாகி, பெரிய மாமா பெயரில் பட்டா ஏறியிருந்தது. நாங்கள் கொடுத்த மூலப் பத்திரத்தில் பழைய எண்தான் இருந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஆபீஸில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

2016-ல் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் மிக மெதுவாகக் கேட்டார்: "தோப்பும் உங்க அப்பா சொத்துதானேம்மா?" அம்மா, "ஆமாங்க" என்றார். "அப்போ அதை ஏன் இந்த வழக்கில் சேர்க்கலை?" அம்மாவிடம் பதில் இல்லை. குடும்பச் சொத்து முழுவதையும் சேர்க்காமல் ஒரு பகுதிக்கு மட்டும் பாகம் கேட்டால் அந்த வழக்கு பொதுவாக நிலைக்காது. பிராதுக்குப் பதிலாக மாமாக்கள் தாக்கல் செய்த எதிருரையில் இந்த ஆட்சேபம் ஒரு வரியாக முன்பே இருந்தது. இரண்டு வருடம் அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை.

பிராதைத் திருத்தலாமே என்று தோன்றும். திருத்தலாம். ஆனால் சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு திருத்த வேண்டுமென்றால், உரிய கவனத்தோடு இருந்தும் இதை முன்பே கேட்க முடியாமல் போனது என்று காட்ட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002-ல் வந்த மாற்றம் அது. எங்கள் மனு தள்ளுபடியானது. வக்கீலை மாற்றி, கீழ்க் கோர்ட் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சீராய்வு மனு கொண்டுபோய், செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு அனுமதி வாங்கி வருவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இதனால்தான் வக்கீலின் பின்னணி பற்றிப் பேச்சு வந்தால் நான் கொஞ்சம் அழுத்தியே பேசுகிறேன். சிவில் வழக்கில் பெரும்பாலானவை கீழ்க் கோர்ட்டிலேயே, அதுவும் பிராது எழுதும் மேசையிலேயே முடிவாகிவிடுகின்றன. பிராதில் சொல்லாத விஷயத்துக்குச் சாட்சியம் கொடுத்தாலும் கோர்ட் அதைப் பொருட்படுத்தாது. முதல் மேல்முறையீட்டில் கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியத்தைத்தான் மறுபடி அலசுவார்கள். புதிய ஆவணத்தை உள்ளே கொண்டுவருவது கடினம். இரண்டாம் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே கேட்பார்கள். ஆகவே "கீழே தோற்றாலும் பரவாயில்லை, மேலே பெரிய வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறவுக்காரர்கள் சொல்வது சிவில் வழக்குக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டரின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் கண்ணா, எலும்பா, இதயமா என்று தெரிந்துவிடும். வக்கீலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சட்டப் பட்டம், பார் கவுன்சில் பதிவு, பிறகு 2010 வாக்கில் பட்டம் பெற்றவர்கள் தொடங்கி எல்லோருக்கும் அகில இந்திய பார் தேர்வு. இவை இருந்தால் கொலை வழக்கும் நடத்தலாம், பாக வழக்கும் நடத்தலாம், வரி வழக்கும் நடத்தலாம். பதிவுக்கு முன் ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்று பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகளையும் 1999-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் ஒரு சிவில் வக்கீல் தொழில் படிக்கும் இடம் சீனியரின் ஆபீஸ்தான். எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த ஆபீஸ், எத்தனை வருடம், அங்கே என்ன வேலை என்ற கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது.

சரி, இப்போது அந்த நாலு பேரைப் பார்ப்போம்.

கிரிமினல் வக்கீலைப் பற்றி மேலே சொன்ன அனுபவத்தை வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை. அவருடைய திறமை வேறு வகை. கிரிமினல் வழக்கில் கதையை எழுதுவது போலீஸ். அதில் ஓட்டை கண்டுபிடித்து உடைப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுடைய வேலை. பாக வழக்கில் வாதியின் வக்கீல் தானே கதையைக் கட்ட வேண்டும். தலைமுறை அட்டவணை, ஒவ்வொரு சொத்தும் எப்படி வந்தது, எது பூர்வீகம், எது சுயார்ஜிதம் (சொந்தச் சம்பாத்தியம்), வழக்கு போடக் காரணம் எந்தத் தேதியில் எழுந்தது என்று செங்கல் செங்கலாக அடுக்க வேண்டும். அதற்கான கைப்பழக்கம் அவருக்குக் குறைவு. ஆனால் வழக்கோடு அடிதடிப் புகாரோ, போலி உயில் பற்றிய குற்றப் புகாரோ ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு அவரையே வைத்துக்கொள்ளலாம். சிவில் வழக்கின் வக்காலத்தில் அவர் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. வேண்டியவர் என்பதால் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கும். நாங்களும் அந்தத் தயக்கத்தால்தான் மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தோம்.

உயர் நீதிமன்ற வக்கீல் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. ரிட் மனு, சீராய்வு மனு, மேல்முறையீடு ஆகியவற்றில் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் பெரியது. எங்கள் திருத்த மனுவை மதுரையில் மீட்டுக்கொடுத்தவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். கீழ்க் கோர்ட் உத்தரவில் எந்த வரி தவறு, அதற்கு எந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று அரை மணி நேரத்தில் பிரித்துக் காட்டினார். அந்த வேலையை எங்கள் ஊர் வக்கீல்கள் யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

ஆனால் ஊரில் இருக்கும் சார்பு நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்த அவரை வைப்பது வேறு விஷயம். மாதம் ஒரு வாய்தா வரும். பாதி வாய்தாக்களில் ஒன்றும் நடக்காது. அதற்காக அவர் சென்னையிலிருந்து வர முடியாது, வரவும் மாட்டார். உள்ளூர் வக்கீல் ஒருவரை அவர் அமர்த்துவார். கடைசியில் உங்கள் சாட்சியைக் குறுக்கு விசாரணையின்போது காப்பாற்ற வேண்டியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாத நிலை வரும். இன்னொரு சிக்கல் மொழி. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. மாவட்டக் கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில். கிராமத்துச் சாட்சியிடம் கிஸ்தி (நில வரி) ரசீது, மடை, வரப்பு, போகம் என்று பேசத் தெரிய வேண்டும். சென்னை நகரச் சொத்தாக இருந்து, மதிப்பு அதிகமாகி, உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவிலேயே வழக்கு தொடங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அங்கே சாட்சி விசாரணையும் அந்த வளாகத்திலேயே நடக்கும். சித்தியின் நிலம் தஞ்சை மாவட்டத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு காரணம்: தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் 2004-ல் மதுரைக் கிளை வந்தபோது அதன் எல்லைக்குள் போய்விட்டன. திருவாரூரும் நாகையும் சென்னையோடு நிற்கின்றன. பின்னால் மேல்முறையீட்டுக்கு ஆள் தேடும்போது சென்னையில் தேடிப் பயனில்லை, மதுரையில்தான் தேட வேண்டும்.

மூன்றாமவர், அதாவது பேனல் வக்கீல், பலரும் சட்டை செய்யாமல் விட்டுவிடும் பெயர். எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு. வருடக்கணக்காக மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், கிராமத்தின் புல எண்களெல்லாம் இருக்கும் 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம் என்று பார்த்துப் பழகிய கண் அது. ஒரு புல எண் எந்த வருடம் உட்பிரிவானது, எந்தக் கிரயத்தில் நான்கெல்லை மாறியது என்று அவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். எங்கள் தென்னந்தோப்பு அப்படி ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் அன்றே மாட்டியிருக்கும். குறை என்னவென்றால், இவர்களில் பலர் சாட்சி விசாரணை நடத்தி ரொம்ப நாள் ஆகியிருக்கும். சிலர் நடத்தியதே இல்லை. ஆவணம் படிப்பதும் எதிரே நிற்கும் மனிதனிடமிருந்து உண்மையை வரவழைப்பதும் இரண்டு வேறு திறமைகள்.

நாலாமவரிடம்தான் என் மனம் நின்றது. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் வழக்கைப் பாதியில் எடுத்து நடத்தியவரும் இதே மாதிரி வளர்ந்தவர். முதல் சந்திப்பில் அவர் எங்களிடம் வழக்கின் கதையைக் கேட்கவே இல்லை. "கட்டைக் கொடுங்க" என்று வாங்கி, ஒன்றரை மணி நேரம் படித்தார். பிறகு ஒரு காகிதத்தில் குடும்ப அட்டவணை போட்டார். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பிறந்த வருடம், இறந்த தேதி, அம்மாவுக்குக் கல்யாணமான வருடம். அந்தக் கல்யாண வருடம் ஏன் என்று கேட்டேன். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை, அம்மா அதற்கு முன்பே கல்யாணமானவர், அதனால் 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தின்கீழ்தான் நிற்க வேண்டும் என்றார். முதல் பிராதில் இந்த இரண்டு சட்டங்களில் எது என்றே எழுதியிருக்கவில்லை.

அதற்குள் இன்னொரு இடியும் விழுந்திருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தையும் மகளும் இருவரும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. தாத்தா இறந்தது 2001. அந்தத் தீர்ப்புப்படி அம்மாவுக்குத் தாத்தாவின் பங்கில் மட்டும்தான் பாகம். மொத்தச் சொத்தில் ஒன்பதில் ஒன்று. மாமாக்கள் தரப்பில் "நாற்பது சென்ட் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடட்டும்" என்று தூது வந்தது. வீட்டில் பாதிப் பேர் சரி என்றுவிட்டார்கள். வக்கீல் மட்டும் பொறுக்கச் சொன்னார். 2018-ல் இதற்கு மாறாக இன்னொரு இரு நீதிபதி அமர்வின் தீர்ப்பு வந்தது. இரண்டும் முரண்படுவதால் பெரிய அமர்வு முடிவு செய்யும்வரை கோரிக்கையை விட்டுவிடக் கூடாது என்பது அவர் யோசனை. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருக்கத் தேவையில்லை என்று தீர்த்துவைத்தது. நாலு ஏக்கர் நஞ்சையில் அம்மாவின் பங்கு 44 சென்டிலிருந்து 1 ஏக்கர் 33 சென்ட் ஆனது. தோப்பிலும் வீட்டிலும் மூன்றில் ஒரு பங்கு.

சிவில் வழக்கையே முழுநேரமும் பார்ப்பவருக்குத்தான் இந்தப் பொறுமை வரும் என்று நினைக்கிறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவர்கள் வாராவாரம் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோர்ட் கட்டணத்திலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் பாக வழக்குக்கு இரண்டு விதக் கட்டணம். வாதி இன்னும் கூட்டு அனுபவத்தில் (மற்றவர்களோடு சேர்ந்து சொத்தை ஆண்டு வருபவராக) இருக்கிறார் என்றால் 37-வது பிரிவின் 2-வது உட்பிரிவில் ஒரு சிறு நிலைத் தொகை. அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் 1-வது உட்பிரிவில், பங்கின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 3 வீதம். 2017-க்கு முன் இது ஏழரையாக இருந்தது. பங்கு 50 லட்சம் என்றால் இன்றைக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய். எங்கள் முதல் பிராதில் "வாதியை நிலத்துக்குள் வரவிடாமல் விரட்டிவிட்டார்கள்" என்று கோபத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கட்டணம் போதாது என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டது. பங்காளிகளில் ஒருவருடைய அனுபவம் எல்லோருடைய அனுபவமும் ஆகும் என்ற நிலைப்பாட்டை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் அந்த வரியைச் சேர்த்திருக்க மாட்டார்.

அப்புறம் குறுக்கு விசாரணை. சாட்சியை அவர் தரப்பு வக்கீலே கேட்கும் முதல் விசாரணை 2002 முதல் பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் ஆகிறது, அதனால் வக்கீலின் உண்மையான திறமை எதிர்ச் சாட்சியைக் கேள்வி கேட்பதில்தான் வெளிப்படும். மாமாக்கள் 1990களிலேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டதாகச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பாகம் என்றால் சட்டம் அதைக் காப்பாற்றும், ஆனால் பதிவு செய்த பத்திரமோ கோர்ட் தீர்ப்பாணையோ இருக்க வேண்டும். வாய்மொழிப் பாகத்தை மிக அபூர்வமாக, அரசு ஆவணங்களின் பலம் இருந்தால் மட்டுமே ஏற்பார்கள். எங்கள் வக்கீல் சின்ன மாமாவிடம் சத்தம் போடவில்லை. பாகம் பிரித்த அன்று யார் யார் இருந்தார்கள், எந்த வீட்டுத் திண்ணையில், அளந்தது யார், கயிறா சங்கிலியா, அந்த வருடக் கிஸ்தி யார் பெயரில் கட்டியது என்று கேட்டுக்கொண்டே போனார். நாற்பது கேள்விகளுக்குப் பிறகு, பெரிய மாமா சொன்ன நாளும் சின்ன மாமா சொன்ன நாளும் இரண்டு வருடம் விலகி நின்றன. மாமா கூண்டிலிருந்து இறங்கியபோது அம்மாவைப் பார்க்காமல் போனார். அன்றைக்கு ஜெயித்த மாதிரி எங்களுக்கு இருக்கவில்லை.

இப்படிப்பட்டவரின் பின்னணியில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. கோர்ட் அவரை அட்வகேட் கமிஷனராக நியமித்திருக்கிறதா என்று பாருங்கள். இடத்தைப் பார்வையிட்டு, சர்வேயரோடு நின்று அளந்து, வரைபடம் போட்டு அறிக்கை கொடுக்கும் வேலை அது. வரப்பில் நின்று புலப்படத்தைப் படித்தவர் பிராதில் நான்கெல்லையைத் தப்பாக எழுத மாட்டார். அவருடைய குமாஸ்தாவையும் கவனியுங்கள். வாய்தா நாட்களை எழுதும் டைரி, நகல் மனு போடும் வேகம், கட்டுகளை அடுக்கியிருக்கும் விதம். பிரதிவாதி இறந்துபோனால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், விட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். இந்த மாதிரி நாட்களைப் பல ஆபீஸ்களில் நினைவு வைத்திருப்பது குமாஸ்தாதான்.

நாலாமவருக்குக் குறை இல்லையா? இருக்கிறது. தனியாக வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, எதிரே பெரிய சீனியர் வந்தால் சில நீதிபதிகள் முன் குரல் எடுபடாமல் போகலாம். வாதத்தின்போது மட்டும் அவருடைய பழைய சீனியரை அழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதை முன்பே கேட்டு, அதற்கான ஃபீஸையும் பேசிக்கொள்ளலாம் என்று தங்கையிடம் சொன்னேன்.

அவள் பட்டியலில் இல்லாத மூன்று வகையினரையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வக்கீலாக வந்திருந்தால், தீர்ப்பு எழுதும் கை என்ன தேடும் என்பது அவருக்குத் தெரியும். பிராதைக் காட்டி ஓர் அபிப்பிராயம் கேட்க நல்ல ஆள். பணியில் இருந்த பகுதியில் ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் அவர் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தம், வணிக வழக்கு, நடுவர் மன்றம் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். வணிக வழக்கில் எதிருரைக்கு 120 நாள் என்பது இரும்பு எல்லை, அந்த வேகத்துக்குப் பழகியவர்கள் அவர்கள். பாக வழக்குக்கு அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மூன்றாவது வகை இலவசச் சட்ட உதவி. இதை எங்களுக்கு 2014-ல் யாரும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. கோர்ட் கட்டணம்கூட அதில் அடங்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே கிடைக்கும் வக்கீல் மட்டமாக இருப்பார் என்பது தவறான எண்ணம். அதே கோர்ட்டில் தொழில் செய்பவர்கள்தான் பேனலில் இருக்கிறார்கள். பேனலில் சிவில் பக்கம் யார் என்று கேட்டு, அவருடைய பின்னணியையும் இதே கேள்விகளால் பாருங்கள்.

பின்னணியை எப்படிச் சரிபார்ப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது விதி. வக்கீல்களைத் தரவரிசைப்படுத்தி விற்கும் இணையதளங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் நட்சத்திர மதிப்பெண்களை நம்ப வேண்டாம். நான் செய்தது, கோர்ட்டுகளின் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரைப் போட்டுத் தேடியது. பார் கவுன்சில் பதிவு எண்ணை வைத்தும் தேடலாம். எம்.எஸ். என்று தொடங்கி வருடத்தோடு முடியும் அந்த எண் எந்த வருடம் பதிவானவர் என்பதையும் சொல்லிவிடும். முதலாமவர் பெயரில் வந்த பட்டியலில் பெரும்பாலும் சி.சி., எஸ்.சி. என்று கிரிமினல் வழக்குகள். நாலாமவர் பெயரில் ஓ.எஸ்., ஏ.எஸ்., ஈ.பி. ஓ.எஸ். அசல் வழக்கு, ஏ.எஸ். முதல் மேல்முறையீடு, ஈ.பி. தீர்ப்பை நிறைவேற்றும் மனு. மூன்றும் இருக்கிறது என்றால் வழக்கைப் போட்டதோடு நிற்காமல் நிலம் கைக்கு வரும்வரை போனவர் என்று அர்த்தம். முடிந்த வழக்குகளைத் திறந்து பார்த்து, வாதி வராததால் தள்ளுபடி என்று எத்தனை இருக்கிறது என்றும் எண்ணினேன். ஜூனியராக இருந்த காலத்து வழக்குகள் சீனியர் பெயரில் இருக்கும், அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

நேரில் போகும்போது, அவர் எழுதிய பிராது ஒன்றையும் குறுக்கு விசாரணை வாக்குமூலம் ஒன்றையும் பெயர்களை மறைத்துக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம். கோபப்படாமல் எடுத்துக் காட்டுபவரிடம் நம்பிக்கை வரும். "ஜெயித்தால் சொத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள், இப்போது ஃபீஸ் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை.

பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நாங்கள் மாற்றப் போனபோது, பாக்கி ஃபீஸ் வந்தால்தான் கட்டு வரும் என்று நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டை வக்கீல் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அதே சமயம், வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் அதே நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே தேர்ந்தெடுக்கும்போதே ஒரு மாதம் அதிகமாகச் செலவழிப்பதில் தவறில்லை.

தங்கைக்கு நான் கடைசியாகச் சொன்னது இது: மூன்றாமவரிடம் ஃபீஸ் கொடுத்து எல்லாப் பத்திரங்களுக்கும் எழுத்தில் ஓர் ஒப்பீனியன் வாங்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலாமவரிடம் போய் வக்காலத்துப் போடு. முதலாமவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா, அவர் வருத்தப்பட மாட்டார். இரண்டாமவரின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள், மதுரையில் நல்ல ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நேற்று இரவு மறுபடி பேசினாள். நாலாமவர் ஒப்பீனியனைப் படித்துவிட்டு, சித்தியைக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அனுப்பியிருக்கிறாராம். பழைய 'அ' பதிவேட்டில் இருக்கும் இரண்டு புல எண்கள் இப்போதைய பட்டா எதிலும் இல்லை. அவை எங்கே போயின என்று தெரியும்வரை பிராது எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.